ராகுகாலத்தில் ஒரு ஃபோல்டர்

வெள்ளிக்கிழமை, மணி பத்தே முக்கால். ராகுகாலம் தொடங்கிக் கால் மணி நேரம் ஆகியிருந்தது.

வெப்சைட் கம்பெனியின் சர்வரைக் கவனித்துவந்தவரின் விரல்கள் கீபோர்டின் மேலேயே நின்றுவிட்டன.

பதினொரு வருடமாக இந்த நேரத்தில் அவர் சர்வரைத் தொட்டதில்லை. நாமக்கல்லின் முந்நூற்று நாற்பது வெப்சைட்டுகள் அதில் குடியிருந்தன. லாரி ஆபீஸ், கோழிப்பண்ணை, லாரிக்கு பாடி கட்டும் பட்டறை. எந்தப் பெயருக்கு எந்த ஃபோல்டர் என்று சர்வருக்குச் சொல்ல, ஒரே ஃபைலில் ஒவ்வொன்றுக்கும் எட்டு வரி, அத்தனையும் அவர் கையால் அடித்தது. புதிதாக ஒன்று வந்தால் இன்னும் எட்டு வரி. பிறகு சர்வரை நிறுத்தி எழுப்ப வேண்டும்.

தொடங்கிய புதிதில் ஒரு முறை ஒரே ஒரு சாய்கோடு விட்டுப்போனது. குடம் பாலுக்குத் துளி விஷம். ஆயுதபூஜையும் அதுவுமாக அத்தனை சைட்டும் படுத்துக்கொண்டன.

அப்போது ராகுகாலம். அன்றைக்குப் பிடித்ததுதான் இந்தக் கணக்கு.

இப்போது அந்த வரிகளே வேண்டாம் என்கிறாள் கோகிலவாணி. வேலைக்குச் சேர்ந்து நாலே மாதம். அவள் எழுதி நேற்றே சர்வரில் ஏற்றியது மொத்தம் ஆறு வரி. யார் எந்தப் பெயரைக் கேட்டு வந்தாலும், அந்தப் பெயருள்ள ஃபோல்டரைத் திறந்து காட்டு. அவ்வளவுதான் சங்கதி.

ஆறு வரி! அவருக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது.

வரிகள் போனால் போகட்டும். ஒவ்வொரு எட்டு வரிக்கும் மேலே அவர் ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தார். சர்வர் அதைப் படிக்காது. அவருக்காக எழுதியது.

‘பெரியவருக்குக் காது மந்தம். மகனைக் கூப்பிடவும்.’

‘மனைவி தவறிவிட்டார். முகப்பில் உள்ள படத்தை எடுக்கக் கூடாது.’

ஃபைலை அழித்தால் அதுவும் போய்விடும். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"ஃபோல்டர மட்டும் போடுங்கண்ணா. எதையும் நிறுத்த வேண்டாங்க" என்றாள் கோகிலவாணி.

போட்டார். பன்னிரண்டரைக்குத் திறப்பு விழா வைத்திருக்கும் புது லாரி ஆபீஸின் பெயர். பக்கங்களை உள்ளே வைத்தார். போனில் அந்தப் பெயரை அடித்தார்.

சிவப்பு லாரி படத்தோடு சைட் வந்து நின்றது.

மற்ற முந்நூற்று நாற்பதும் அசையக்கூட இல்லை.

"அடேங்கப்பா!" வாய்விட்டே சொல்லிவிட்டார். "கெட்டிக்காரிதான் அம்மிணி நீ."

"பழைய ஃபைல அழிச்சிட்டு, கடைசியா ஒருக்கா நிறுத்தி எழுப்பணுங்க. ராகுகாலம் போகட்டுங்கண்ணா, பொறுத்துப் பண்ணிக்கலாம்."

ஏதோ நினைப்பில் அவர் ஒரு கோழிப்பண்ணையின் ஃபோல்டரைத் திறந்தார்.

பக்கங்களுக்குப் பக்கத்தில் ‘குறிப்பு’ என்று ஒரு சின்ன ஃபைல்.

‘பெரியவருக்குக் காது மந்தம். மகனைக் கூப்பிடவும்.’

அடுத்த ஃபோல்டரைத் திறந்தார். அதிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும். ஓர் எழுத்து மாறவில்லை.

"இதையெல்லாம் எப்ப அம்மிணி எடுத்து வெச்சே?"

"அதப் படிச்சுப் பாத்துத்தானுங்கண்ணா இத்தன நாளா எல்லார்த்துகிட்டயும் பேசிட்டிருக்கறேன்."



அவர் புது ஃபோல்டரில் ஒரு ‘குறிப்பு’ திறந்தார். ‘ஓனரே வண்டி ஓட்டுபவர். போனை எடுக்காவிட்டால் பிறகு கூப்பிடவும்’ என்று அடித்தார்.

பிறகு பதினொரு வருட ஃபைலை அழித்தார். சர்வரை நிறுத்தி எழுப்பினார்.

சுவர்க் கடிகாரம் தலைக்கு மேலேதான் இருந்தது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.