ஒரு மிதிக்கு இரண்டு அடி

"கொல்லுறா அண்ணே! ஓடி வாங்க, கொன்னே போட்டுடுவா!"

வாட்ச்மேன் போட்ட கூச்சலில் ஃபோர்மேனின் கையிலிருந்த டீ கிளாஸ் நழுவி விழுந்தது. யார் யாரைக் கொல்கிறார்கள் என்று கேட்கக்கூட நிற்காமல் ஷெட்டைத் தாண்டி முற்றத்துக்கு ஓடினார். ணங் ணங்கென்று சத்தம் விடாமல் வந்துகொண்டிருந்தது.

அடி வாங்கிக்கொண்டிருந்தது மனிதன் இல்லை. லாரியில் ஏற்றுவதற்காக வெளியே இழுத்து வைத்திருந்த பழைய பவர் பிரஸ். முந்தின நாள்தான் பச்சை பெயின்ட் அடித்து, மாப்பிள்ளை மாதிரி ஜோடித்து நிறுத்தியிருந்தார்கள்.

அதன் எதிரே ஒரு பெண். வலது கையில் சம்மட்டி. இடது கை மணிக்கட்டோடு முடிந்துபோயிருந்தது.

ஃபோர்மேனுக்கு அவளை நன்றாகத் தெரியும். இதே பிரஸ்ஸில் உட்கார்ந்து தகடு வெட்டிக்கொண்டிருந்தவள். பெடலை ஒரு மிதி மிதித்தால் பிரஸ் ஒரு அடிதான் அடிக்க வேண்டும். கிளட்ச் தேய்ந்து கிடந்ததால் இது சில சமயம் தானாகவே இன்னொரு அடியும் அடிக்கும். "மாத்தணும் சார்" என்று அவரும் கேட்டுப் பார்த்தார். "இந்த ஆர்டர் முடியட்டும்" என்றார் மேனேஜர். ஆர்டர் முடிவதற்குள் அவள் கை முடிந்துவிட்டது.

"ஏய், நிறுத்து! பைத்தியம் புடிச்சிருச்சா உனக்கு?"

"தள்ளி நில்லுங்கண்ணே, மேல பட்டுடப் போகுது" என்றாள், திரும்பாமலே. அடுத்த அடியில் கிளட்ச் மூடி பிளந்து, ஒரு வார்ப்பிரும்புத் துண்டு அவர் காதோரம் விர்ரென்று பறந்தது.

ஃபோர்மேன் பாய்ந்து அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார். அவள் சம்மட்டியின் காம்பைப் பின்பக்கமாக ஓங்கி இடித்தாள். அது நேராக அவர் வாயில் இறங்கியது. உடைந்த முன்பல்லை ரத்தத்தோடு துப்பினார்.

வாட்ச்மேன் தடியால் அவள் முழங்காலுக்குப் பின்னால் ஒரு போடு போட்டான். அவள் மடங்கி விழுந்தாள். விழுந்த இடத்தில் கிடந்தபடியே பெடலை அடித்து நொறுக்கினாள்.

"கையைப் புடிங்கடா!"

லேத்காரன் ஓடி வந்து பூட்ஸ் காலால் அவள் மணிக்கட்டை மிதித்தான். அவளுக்கு இருந்த ஒரே மணிக்கட்டு. சம்மட்டி உருண்டது. அப்போதுதான் அவள் முதல் தடவையாக அலறினாள்.

பல் போன ஆத்திரத்தில் ஃபோர்மேன் அவள் விலாவில் எட்டி ஒரு உதை விட்டார். அதோடு நிறுத்தத்தான் நினைத்தார். கால் தானாகவே இன்னொன்றும் உதைத்தது.

லாரிக்குள் உட்கார்ந்திருந்த டிரைவர் கதவைத் திறந்துகொண்டு கத்தினான். "யோவ், போட்டு இந்த அடி அடிக்கிறீங்களே, அவங்க யாருன்னு தெரியுமாய்யா உங்களுக்கு?"

"எல்லாம் தெரியும். நீ உன் சோலியைப் பாரு!" என்றார் ஃபோர்மேன். பிறகு வாட்ச்மேன் பக்கம் திரும்பினார். "இவளை எவன்டா உள்ள விட்டது?"

"லாரிக்குத்தான் அண்ணே கேட்டைத் தொறந்தேன். அதுகூடவே நுழைஞ்சிருப்பா."

அதற்குள் மேனேஜர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். பிளந்து கிடந்த கிளட்ச்சைப் பார்த்தார், நசுங்கிய பெடலைப் பார்த்தார். குனிந்து அவள் கன்னத்தில் பளாரென்று ஒன்று விட்டார்.

"உன் கைக்குத்தான் நஷ்டஈடு குடுத்தாச்சே! அதையும் வாங்கித் தின்னுட்டு இப்ப இங்க வந்து..."

"திங்கலை சார். அப்படியே வச்சிருந்தேன்."

அவள் ஃபோர்மேனைப் பார்த்தாள். அறை விழுந்த பக்கத்துக் கண் வீங்கத் தொடங்கியிருந்தது. "அண்ணே, நீங்க சொல்லுங்க. கிளட்ச் மாத்தினீங்களா, இல்ல பெயின்ட் மட்டும்தானா?"

ஃபோர்மேன் சட்டைக் கையால் வாயைத் துடைத்துக்கொண்டார். பச்சை பெயின்ட் பக்கம் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இது அடுத்து எந்த ஷெட்டுக்குப் போகுமோ. எவ பெத்த புள்ளை வந்து இதுல உக்காருமோ."

"எங்க போனா உனக்கென்னடி? அதான் ஏலத்துல வித்தாச்சே!" மேனேஜரின் குரல் கிறீச்சிட்டது. ஏலத்தில் எடுத்தவரை அங்கே யாரும் பார்த்ததில்லை. எல்லாம் தரகர் மூலமாகவே நடந்து முடிந்திருந்தது. இன்று வந்து ஏற்றிக்கொள்வார்கள் என்பது மட்டும்தான் தெரியும்.

"போலீஸைக் கூப்பிடுங்க சார்" என்றான் லேத்காரன்.

"போலீஸ் கிடக்கட்டும்யா!" மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். "எந்தக் கோளாறும் இல்ல, நல்லா ஓடுற மெஷின்னு கையெழுத்துப் போட்டுல்ல வித்திருக்கேன்! எடுத்தவங்க நேர்ல வந்து நின்னா நான் என்னய்யா பதில் சொல்வேன்?"

அவள் முழங்கையைப் பிரஸ்ஸில் ஊன்றி மெல்ல எழுந்தாள். வாயில் ஊறிய ரத்தத்தைத் துப்பிவிட்டு மேனேஜருக்கு நேர் எதிரே வந்து நின்றாள்.

"வந்து நிக்கிறேன் சார். சொல்லுங்க."