மேடைக்கு வேண்டிய படம்

"சார், எரிபொருள் ஒரு தடவைக்குத்தான் இருக்கு. இப்பவே செயற்கைக்கோளைக் கீழ இறக்கினா காத்துலயே எரிஞ்சுடும். விட்டா வருஷக்கணக்கா மேலேயே சுத்தி, எதிர்ல வர்றதையெல்லாம் இடிக்கும்."

இயக்குநர் கண்ணாடி முன் கழுத்து டையைச் சரிசெய்தார்.

"சாயங்காலம் மேடையில அதோட நேரலை ஓடணும். பூமி அழகாத் தெரியற மாதிரி திருப்பி வை."

"அப்புறம் இறக்க எரிபொருள் மிஞ்சாது சார்."

"வானம் என்ன உங்க தெருவா? குப்பை லாரி டிரைவர் பொண்ணுக்குப் புத்தி அங்கேயேதான் நிக்குது. வேலை வேணும்னா சொன்னதைச் செய்."

அப்பா ஓய்வு பெற்றபின் வீட்டில் சம்பாதிப்பவள் நான் ஒருத்திதான். செய்தேன்.

விழாவில் பூமி பளிச்சென்று சுழன்றது. கைதட்டல் ஓயுமுன் எரிபொருள் தீர்ந்து, செயற்கைக்கோள் நிலைதடுமாறித் தொடர்பு அறுந்து, திரை கறுத்தது. யாருக்கும் கவலையில்லை, அவரோடு செல்ஃபி எடுக்க முண்டியடித்தார்கள்.

வெளியே வந்தவர் கேடயத்தை என்னிடம் நீட்டினார்.

"இதைக் கார்ல வை."

வாசித்தேன். 'விண்வெளிக் குப்பையை அள்ள முதல் செயற்கைக்கோளை அனுப்பியவருக்கு.'

"சார், எங்கப்பா குப்பை அள்ளி முடிச்சா லாரியைத் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்திடுவார். நடுரோட்டுல விட்டுட்டு மாலை வாங்கப் போனதில்ல."

கேடயத்தை அவர் கையிலேயே வைத்துவிட்டு நடந்தேன்.