அடிபட்டா வாங்க

"அடி பட்டுச்சா?" என்று தலையை நிமிர்த்தாமலே கேட்டார் ஸ்டேஷன் ரைட்டர்.

"படலை."

"அடியே படாம என்னன்னு புகார் எழுதறது? அடிபட்டா வாங்கம்மா."

மேஜைக்கு எதிரே நின்ற பெண் நகரவில்லை. போக்குவரத்துக் காவல் நிலையத்தில் காலை நேரக் கூட்டம். பிடிபட்ட வண்டிகளை மீட்க வந்தவர்கள் வாசலில் நின்று, தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று போன் போட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே மின்விசிறி பேருக்குச் சுற்றியது. அவளுக்கு வியர்த்திருந்தது. ரைட்டருக்கு அதைவிட அதிகமாக வியர்த்திருந்தது.

"என் பொண்ணுக்கு ஆறு வயசு சார். அடிபட்டதுக்கு அப்புறம் வந்து நான் என்ன புகார் குடுக்கறது?"

அப்போது உள்ளறையிலிருந்து இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார். மாற்றலாகி வந்து இன்னும் மேஜையில் பெயர்ப்பலகைகூட வைக்காத பெண்மணி. ஆனால் அதற்குள் கவுன்சிலர் தம்பியை ஹெல்மெட் இல்லை என்று நடுரோட்டில் இறக்கிவிட்டு, வீடுவரை நடக்க வைத்திருந்தார். அன்றிலிருந்து ஸ்டேஷனில் யாரும் நாற்காலியில் சாய்ந்து உட்காருவதில்லை.

"என்ன ரைட்டர்?"

"ஒண்ணுமில்ல மேடம். சின்ன விஷயம். அவங்களே பேசித் தீர்த்துக்கலாம்."

"பேசிப் பாத்தாச்சு மேடம்," என்றாள் அந்தப் பெண். "ரோட்டைப் பத்தி நீ எனக்குச் சொல்லித் தரியான்னு கேக்கறார்."

"யாரு?"

"எங்க தெருவுலதான், கடைசி வீடு. தினமும் வேலைக்கு நேரமாயிடுச்சுன்னு ஒரு பறப்பு. ஹெல்மெட் வண்டிக் கண்ணாடியில தொங்கும். போன் காதுக்கும் தோளுக்கும் நடுவுல இருக்கும். நேத்து எதையோ மறந்துட்டுப் பாதியில திரும்பி வந்தார். முனையில ஹாரன் இல்ல, பிரேக் இல்ல. எங்க வாசல்ல என் பொண்ணு சைக்கிள் ஓட்டிட்டிருந்தா."

"குழந்தையை எதுக்கும்மா ரோட்டுல விடறீங்க?" என்றார் ரைட்டர்.

"ரோடு இல்ல சார், வாசல். செருப்பு கழண்டுச்சுன்னு அவ சைக்கிளை விட்டு இறங்கினா. இறங்கின அடுத்த நிமிஷம் சைக்கிள் நசுங்கிப் போச்சு." அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அவ இறங்காம இருந்திருந்தா நான் இன்னைக்கு இங்க நின்னு பேசிட்டிருக்க மாட்டேன் மேடம்."

"அந்த ஆள் என்ன செஞ்சான்?"

"சைக்கிளை ஏன் நடுவுல போட்டேன்னு குழந்தையைத் திட்டினார். அப்புறம் புதுசு வாங்கித் தரேன்னார். சொல்லிட்டு அதே வேகத்துல போனார். சாயந்தரம் அந்த வண்டி சத்தம் கேட்டதும் அவ கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கிட்டா."

"கட்டிலுக்கு அடியிலயா?" ரைட்டர் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

"ஆமா சார். வண்டியில வர்றவங்களுக்கு அதெல்லாம் எங்க தெரியப் போகுது."

இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னார். "எழுதுங்க ரைட்டர்."

"சாட்சி வேணுமே மேடம்."

"தெருவுல இருக்கறவங்க எல்லாருமே சாட்சிதான். எழுதுங்க. லைசென்ஸை முடக்கி வைக்கணும். வண்டியை இன்னைக்கே பறிமுதல் பண்ணணும். யார் சிபாரிசுக்கு வந்தாலும் என்கிட்ட அனுப்புங்க, நான் பேசிக்கறேன். சனிக்கிழமை வகுப்புல அந்த ஆள் முதல் வரிசையில உக்காந்திருக்கணும்."

சனிக்கிழமை வகுப்பு என்பது பின்பக்கத் தகரக் கொட்டகையில் நடப்பது. வாரம் முழுக்கப் பிடிபட்டவர்களை உட்கார வைத்து சாலைப் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவார்கள். பேசுபவர் ரைட்டர்தான். 'நமக்காக வீட்டில் ஒரு குழந்தை காத்திருக்கிறது' என்று அவர் முடிக்கும்போது லாரிக்காரர்கள்கூட மூக்கைத் துடைத்துக்கொள்வார்கள்.

"நம்ம ரைட்டர் பேசினா கல்லும் கரையும்மா," என்றார் இன்ஸ்பெக்டர். "போன வாரம் நானே பின்னாடி நின்னு கேட்டேன். அந்த ஆளும் திருந்திடுவான், கவலைப்படாதீங்க."

"திருந்தினா சந்தோஷம் மேடம். ஆனா அந்தப் பாடமெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம்."

"ஓஹோ, அப்ப ஏற்கெனவே இங்க வந்து போற ஆள்தான்."

"தினமும் வர்றார் மேடம்."

இன்ஸ்பெக்டர் இதைக் கேட்டு மேலும் கோபமானார். அப்படிப்பட்டவனை இத்தனை நாள் விட்டு வைத்தது யார் என்று பொதுவாகக் கேட்டார்.

ரைட்டர் எழுதினார். ஒரு வரி எழுதி, அடித்து, மறுபடி எழுதினார். பிறகு பேனாவை உதறிப் பார்த்துவிட்டு, மை தீர்ந்துவிட்டது என்றார். இன்ஸ்பெக்டர் தன் பேனாவை எடுத்துக் கொடுத்தார்.

"வண்டி நம்பர் சொல்லுங்கம்மா."

"எனக்கு ஞாபகம் இல்ல மேடம். அதை அவரே எழுதிடுவார்."

"எவர்?"

அவள் எழுதிக்கொண்டிருந்த கையைக் காட்டினாள்.

"இவர்தான் மேடம், என் வீட்டுக்காரர். வீட்டுல சொன்னா காதுலயே போட்டுக்கறதில்ல. இங்க வந்து சொன்னா எழுதியாவது ஆகணுமே."