ஏணியில் நிற்பவன்

மனைவி இறந்தால் ஆறு மாதத்துக்குள் ஒருமுறையாவது மனம்விட்டுச் சிரித்துக் காட்ட வேண்டும். இல்லையென்றால் குழந்தையைக் காப்பகத்துக்கு அனுப்பிவிடுவார்கள். இரண்டு சோதனைகளில் நான் சிரிக்கவில்லை. இன்று கடைசிச் சோதனை.

நல அலுவலர் வளர்மதி சிரிப்பை அளக்கும் கருவியை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, எங்கள் கூடத்துச் சுவரில் பழைய ஊமைப்படம் ஒன்றை ஓடவிட்டார். கணவன் ஏணியில் நின்று சுவரில் வண்ணக் காகிதம் ஒட்டுகிறான். மனைவி பசை வாளியை ஏணிக்கடியில் வைத்துவிட்டுப் போகிறாள்.

என் மனைவி தேன்மொழிக்கு இந்த மாதிரிப் படங்கள் உயிர். ஆள் விழுவதற்கு முன்பே சிரித்துவிடுவாள். "விழறதுல என்னங்க இருக்கு? விழப்போறது தெரியாம ஜம்முனு நிக்கிறான் பாருங்க, அதான்" என்பாள். அவள் குளியலறையில் வழுக்கி விழுந்தபோது நான் பக்கத்து அறையில் இருந்தேன்.

"வலிய சிரிக்காதீங்க சார். கருவி கண்டுபிடிச்சிடும்" என்றார் வளர்மதி.

ஏணி ஆடியது. அவன் கால் நழுவியது. நான் இரு கைகளையும் நீட்டிக்கொண்டு பாய்ந்தேன். என் நெற்றி சுவரில் 'ணங்'கென்று மோதியது. அவன் வாளிக்குள் விழுந்தான். படம் முடிந்தது.

"ஐயோ அப்பா, அது படம்ப்பா! அவர ஏன் புடிக்கப் போன?" நான்கு வயது நித்திலா தரையில் புரண்டு சிரித்தாள்.

எனக்கும் சிரிப்பு வந்தது. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன்.

வளர்மதி கருவியையே பார்த்துக்கொண்டிருந்தார். "படம் ஓடும்போது சிரிச்சிருக்கணும் சார்."

நித்திலா என் கையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, இன்னொரு தடவ முட்டு."