கனவானின் பெனால்டி

"எங்ககிட்ட ஒரு கோல் போடறதுகூட உங்களுக்குக் கேவலமா, கேப்டன்?"

உடை மாற்றும் கூடாரத்துக்குள் எனோக் நுழைந்தபோது அவன் சட்டை முழுக்கச் சேறு. லயனல் பெல்லமி ஒரு காலில் பூட்ஸும் மறு காலில் ஓட்டைக் காலுறையுமாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கம்பீரமாகப் பதில் சொல்ல ஏற்ற கோலம் இல்லை.

"உக்காரு, எனோக். கொஞ்சம் பொறுமையா..."

"என்ன பொறுமை? நான் இடது பக்கம் பாய்ஞ்சு, சேத்துல மூக்கு தேய விழுந்து கிடக்கேன். நிமிர்ந்து பாத்தா பந்து டீக் கூடாரத்துல உருளுது! பாதிரியார் சம்சாரம் கேக்கை விட்டுட்டு ஓடறாங்க. ஊரே என்னைப் பாத்துச் சிரிக்குது."

எனோக் ரயில்வே பட்டறை அணியின் கோல்கீப்பர். ஆடுவதற்குச் சம்பளம் வாங்குகிறவன். லயனலின் அணியிலோ எல்லாரும் கனவான்கள். காசைத் தொடாமல் ஆசைக்கு ஆடுகிறவர்கள். கேப்டன் பதவிக்கு லயனலின் முக்கியத் தகுதி, மைதானம் அவன் மாமாவுடையது என்பதுதான். அதை அவனே சொல்லிச் சிரிப்பான்.

வருஷா வருஷம் சீசன் தொடக்கத்தில் இரண்டு அணிகளும் மோதும். ஆட்டம் முடிந்ததும் எனோக் வீட்டில் வறுத்த மீனும் பீரும். லயனலுக்கு வருஷத்திலேயே பிடித்த சாயங்காலம் அது. கனவான்கள் மத்தியில் அவன் வாய்விட்டுச் சிரித்ததே கிடையாது.

இந்த 1907-இல் அதற்கும் ஆபத்து வந்திருந்தது. சம்பளக்காரர்களை மாவட்டச் சங்கங்களில் சேர்த்தே ஆகவேண்டும் என்று இங்கிலாந்தின் தலைமைக் கால்பந்துச் சங்கம் உத்தரவு போட, கோபித்துக்கொண்ட கனவான்கள் தனிச் சங்கம் தொடங்கிவிட்டார்கள். அங்கே போனவர்கள் இங்கே இருப்பவர்களோடு ஆட முடியாது. எந்தப் பக்கம் என்று லயனலின் அணி இன்று மாலை முடிவு செய்தாக வேண்டும். பழைய சங்கத்திலேயே இருப்போம் என்று பேசுவதற்காக, லயனல் கண்ணாடி முன் நின்று ஒத்திகையெல்லாம் பார்த்திருந்தான்.

"போன வாரம் என் வீட்டு அடுப்பு பக்கத்துல உக்காந்துக்கிட்டு என்ன சொன்னீங்க?" எனோக் விடவில்லை. "பெனால்டியும் ஒரு விதிதான், அதுல என்ன மானக்கேடுன்னீங்க. என் பொண்டாட்டி சாட்சி!"

"சொன்னேன்தான்."

"இன்னிக்கு மட்டும் கனவான் புத்தி வந்துடுச்சாக்கும்."

கனவான்களுக்குப் பெனால்டி என்ற பேச்சே ஆகாது. வேண்டுமென்றே காலை வாரிவிடுகிற ஆட்டக்காரன் உண்டு என்று ஒப்புக்கொள்வதே அவர்களுக்கு அவமானம். அப்படி ஒன்று கிடைத்துத் தொலைத்தால், பந்தை வெளியே உதைத்துவிட்டு நிமிர்ந்து நடப்பார்கள். இன்று ஒன்றுக்கு ஒன்று என்றிருந்தபோது, கடைசி நேரத்தில் லயனலின் அணிக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. லயனல் உதைத்தான். கனவான்கள் தொப்பியைக் கழற்றி ஆட்டினார்கள்.

திரையைத் தள்ளிக்கொண்டு அணியின் செயலாளர் கர்னல் வெனபிள்ஸ் வந்தார். பின்னால் கமிட்டி முழுவதும். கர்னலின் கண்கள் கலங்கியிருந்தன.

"பெல்லமி! என்ன உதைடா அது! நாங்கள்லாம் கம்பத்துக்கு ஒரு சாண் தள்ளி உதைப்போம். பாக்கறவனுக்குச் சந்தேகம் இருந்துக்கிட்டே இருக்கும். நீ டீக் கூடாரத்துக்கே அனுப்பி வச்சுட்டியே!"

"கர்னல், சாயங்காலக் கூட்டத்துல நான் கொஞ்சம் பேசணும்..."

"உன் கால் பேசினதுக்கு மேல வாய் என்ன பேசறது? பழைய சங்கத்துலயே இருக்கலாம்னு நின்ன ஆளுங்ககூட மனசு மாறிட்டாங்க. இந்த மாதிரி ஒரு கேப்டன் இருக்கறப்ப நமக்கு அங்க என்ன வேலை? நீ சரின்னு ஒரு வார்த்தை சொல்லு. புதுச் சங்கத்துக்கு இப்பவே தந்தி அடிச்சுடறேன்."

எனோக் லயனலைப் பார்த்தான். கோபம் போய், குரல் இறங்கியிருந்தது.

"அப்ப இதுதான் நம்ம கடைசி ஆட்டமா, கேப்டன்? தோத்திருந்தாக்கூட எனக்கு வருத்தமில்ல. சிநேகிதன் கோல் போட்டான்னு வாங்கிக்கிட்டு, மீனை வறுக்கச் சொல்லியிருப்பேன். நீங்க பிச்சை போட்டீங்களே, அதுதான் தாங்கல."

லயனல் வாயைத் திறந்தான். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும். அது நாக்கு நுனி வரைக்கும் வந்தும்விட்டது. ஆனால் கர்னலும் கமிட்டியும் இமைக்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறந்தது முதல் அவனை யாரும் அப்படிப் பார்த்ததில்லை, பெற்ற தாய்கூட.

"கொள்கைன்னு ஒண்ணு இருக்கே, எனோக்," என்றான் லயனல். பிறகு திரும்பி, "சரி, கர்னல்" என்றான்.

எனோக் கை கொடுக்காமலே வெளியேறினான்.

"கேப்டனுக்கு ஜே!" என்று கத்தியபடி கமிட்டிக்காரர்கள் லயனலை ஒற்றைப் பூட்ஸோடு தோளில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். எனோக் தலையைக் குனிந்துகொண்டு மைதானத்தைத் தாண்டிப் போவது அந்த உயரத்திலிருந்து நன்றாகத் தெரிந்தது. லயனலுக்கு அழுகையே வந்துவிட்டது.

கொள்கையாவது மண்ணாங்கட்டியாவது! எனோக் இடது பக்கம் பாய்ந்ததில் காலியான அத்தனை பெரிய கோலை நன்றாகக் குறி பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு, எப்படியாவது உள்ளே தள்ளிவிடத்தான் அவன் உதைத்தான்.