ரயில் வராத சுரங்கம்

“லீவுக்கு ஆஸ்திரேலியா போறத மங்காஃப்ல யார்கிட்டயும் மூச்சு விடாதே,” என்றார் குவைத்தில் வேலை பார்க்கும் வெங்கட்ராமன்.

“கண்ணு பட்டுடுமா?” என்றாள் மனைவி வசந்தகுமாரி.

“அது பட்டாக்கூடப் பரவாயில்ல.”

சிட்னிக்கு வந்தும் அவருக்குப் பயம் போகவில்லை. கடற்கரைக்குத் தமிழர்கள் வருவார்களாம். அதனால் ஊருக்கு வெளியே, ரயில் நின்றுபோன பழைய சுரங்கம் ஒன்றுக்கு அழைத்துப் போனார்.

“இந்த இருட்டைப் பாக்கவா ஃப்ளைட் ஏறினோம்? பாத்ரூம் லைட்டை அணைச்சா மங்காஃப்லயே பாத்திருக்கலாமே!”

“இங்க நம்மாளு எவனும் வரமாட்டான். நிம்மதியா நட.”

எதிரே வந்த டார்ச் வெளிச்சம் அவர் முகத்தில் நின்றது.

“ஆரு, வெங்கட்ராமனோ? இந்த வருசம் லீவே இல்லையெண்டியள்!”

மங்காஃபில் பக்கத்து ஃபிளாட் பத்மநாதன், யாழ்ப்பாணத்துக்காரர்.

“நீங்களும் அதையேதானே சார் சொன்னீங்க?”

“ஓம். உண்மையைச் சொன்னால் சனம் விடுமே? சிட்னியிலை சொந்தக்காரருக்குக் குடுங்கோ எண்டு ஆளாளுக்குப் பார்சல் தந்திடுவினம்.”

வெங்கட்ராமன் வாய்விட்டுச் சிரித்தார். அவர் ஒளிந்து வந்ததும் அதற்குப் பயந்துதான்.

“அது கிடக்கட்டும், எப்ப குவைத்துக்குத் திரும்புறியள்?”

“நாளைக்கு.”

“நல்லதாப் போச்சு! எந்த ஹோட்டலிலை நிக்கிறியள்? சின்னப் பார்சல் ஒண்டுதான்.”