மிளகு ஈரல்

கால் கட்டைவிரலில் போர்வை நுனி பட்டாலே சவரிமுத்து அலறுவார். அவர் மனைவி ஜெசிந்தா அந்த விரலுக்கென்று முக்காலி போட்டு, தலையணை வைத்து, ஐஸ் ஒற்றி, பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டாள். யூரிக் ஆசிட் என்று தெரிந்ததிலிருந்து வீட்டில் கறி இல்லை, நெத்திலி இல்லை, சுரைக்காய்தான். விரல் வீக்கமும் வற்றும். சனிக்கிழமை சாயங்காலம் பாட்டுப் பயிற்சி என்று கோயிலுக்குப் போவார். திரும்பி வந்து, பசியில்லை என்று படுத்துக்கொள்வார். ஞாயிறு விடியும்போது விரல் தக்காளியாய்ச் சிவந்திருக்கும்.

"வீட்ல ஈரல் கீரல் குடுக்குறீங்களாம்மா?" என்று டாக்டர் அவளைத்தான் கேட்டார். சவரிமுத்து சுவரில் இருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவருடைய சனிக்கிழமைச் சட்டையை எடுத்து முகர்ந்தாள். கைமடிப்பில் ஈரல் வறுவல் மணத்தது. மிக்ஸியில் அரைத்த மிளகில்லை, இடித்துப் போட்டது. எவளோ ஒருத்தியின் நல்ல கைப்பக்குவம். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவர் சட்டை மாட்டும்போதே மிளகு ஈரலைச் சட்டியோடு கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். உரலில் இடித்த மிளகு.

"டாக்டர் கூடாதுன்னாருல்ல? கால் வீங்கிரும்டீ."

"வீங்குறது என் கையால வீங்கட்டும். தின்னுங்க."

அவர் ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடி, மெல்ல மென்றார். ஜெசிந்தா கரண்டியும் கையுமாக அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மென்று முடித்த பிறகும் அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்க்கவில்லை.